சவ்வுக்குள் நின்றுபோன காற்று

புதுத் துண்டு தண்ணீரை இழுக்காது. குளித்துவிட்டுத் துடைத்தால் ஈரம் உடம்பிலேயே நிற்கும். நாலைந்து முறை துவைத்த பிறகுதான் வழிக்கு வரும். நூலும் நெசவும் மாறவில்லை. நூலின் மேலிருந்த பூச்சு போனதும், அதே இடுக்குகளில் தண்ணீர் தானாக ஏறுகிறது. துளை இருந்தால் மட்டும் போதாது, துளையின் சுவர் நனைய வேண்டும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு உறைத்தது டயாலிசிஸ் அறையில்தான். மாமாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். சிஸ்டர் செலைனை ஓடவிட்டபடி ரத்தத்தை வடிகட்டும் டயலைசரை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டேன். "உள்ளே காத்து நின்னுட்டா அந்த இழையில ரத்தம் போகாது சார்" என்றார். அந்தச் சிறிய உருளைக்குள் ஏறக்குறைய 10,000 மெல்லிய குழல் இழைகள்; ஒவ்வொன்றின் உள்விட்டமும் சுமார் 0.2 மில்லிமீட்டர். எந்த இழையில் குமிழி மாட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்? கையின் பழக்கத்தைத்தான் நம்ப வேண்டும்.

வடிகட்டும் சவ்வுகளின் ஆய்வும் நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது. இந்தப் பக்கம் எவ்வளவு அழுத்தம், அந்தப் பக்கம் எவ்வளவு நீர் என்று அளப்பார்கள். நடுவில் நடப்பது ஊகம். மெல்லிய குழாயில் திரவம் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கு 1918இல் லூக்காஸும் 1921இல் வாஷ்பர்னும் தந்த சமன்பாடு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அழகான சமன்பாடு. ஆனால் அது நேரான ஒற்றைக் குழாய்க்கு உரியது. சவ்வின் உள்ளே இருப்பதோ குகையும் குறுகிய கழுத்தும் மாறி மாறி வரும் ஒரு புதிர்ப்பாதை.

அந்தக் கழுத்துகளில்தான் சங்கதி. ஈரமான துளைகளுக்குள் காற்றோ எண்ணெயோ நுழையும்போது கழுத்தில் தடைபட்டு நிற்கிறது. அழுத்தம் ஏறியதும் திடீரென்று அடுத்த குகைக்குள் பாய்கிறது. மண்ணை ஆராய்ந்த ஹெயின்ஸ் 1930இல் இந்தப் பாய்ச்சலை விவரித்தார். அதைப் பாறைக்குள்ளேயே முப்பரிமாணத்தில், சுவிட்சர்லாந்தின் வில்லிகன் ஊரிலுள்ள சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்க்கூடத்தில் படம்பிடித்த ஆய்வு 2013இல் வெளியானது. ஒரு துளை நிரம்பி அடுத்தது என்று எண்ணெய் நிதானமாக நகரவில்லை. ஒரே பாய்ச்சலில் 10 முதல் 20 துளைகளைத் தாண்டிப் போனது. அளவீட்டில் சீரான ஓட்டமாகத் தெரிந்தது, உள்ளே தாவலும் தயக்கமுமாக இருந்திருக்கிறது. எனக்கு இதைவிட வியப்பான அறிவியல் படங்கள் அதிகம் நினைவில்லை.

பாறையைவிட சவ்வு கடினம். பாலிமருக்கும் தண்ணீருக்கும் எக்ஸ் கதிரில் பெரிய வேறுபாடு தெரியாது. அதனால் நீரில் பொட்டாசியம் அயோடைடைக் கரைத்து அதைப் பளிச்சென்று காட்டுகிறார்கள். நியூட்ரான் கற்றைக்கு ஹைட்ரஜன் நன்றாகத் தெரியும் என்பதால் சிலர் அந்த வழியில் போகிறார்கள். துளை சிறுத்தால் சிக்கல் இன்னும் கூடும். 0.2 மைக்ரான் துளையின் சுவர் முழுமையாக நனைந்துவிட்டால், அந்த நீரைக் காற்றால் வெளியே தள்ள ஏறத்தாழ 14 மடங்கு வளிமண்டல அழுத்தம் வேண்டும். தண்ணீர் ஒட்டாத டெஃப்லான் சவ்விலோ கதை தலைகீழ்: நீர் உள்ளே நுழையவே மறுக்கும். அதனால்தான் ஆய்வகங்களில் அதை முதலில் ஆல்கஹாலில் நனைக்கிறார்கள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. மெம்பரேன் என்ற சவ்வு இந்த நுணுக்கத்தின் கடைக்கோடி. சென்னைக்காக 2010இல் மீஞ்சூரில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் அளவில் அமைந்த ஆலையின் உயிர்நாடி இந்த மெம்பரேன்தான். அதில் உப்பைத் தடுக்கும் பாலியமைடு படலம், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அமெரிக்க ஆய்வாளர்களை ஒரு புதிர் வாட்டியது: சில மெம்பரேன்களில் தடித்த படலமே அதிக நீரை விட்டது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் டெக்சஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழுவினர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் படலத்தைப் பல கோணங்களில் படமெடுத்து, 2021இல் விடை சொன்னார்கள். தடிமனைவிட முக்கியம், படலத்தின் உள்ளடர்த்தி எவ்வளவு சீராக இருக்கிறது என்பது. அடர்த்தி திட்டுத்திட்டாகக் கூடிக் குறைந்தால் நீர் சுற்றிச் சுற்றிப் போகிறது.

ஆனால் அந்த நுண்ணோக்கி வேலை செய்வது வெற்றிடத்தில். படத்தில் இருந்தது உலர்ந்த படலம். நீர் போன வழி, அந்தப் படத்தின் மேல் கணினி போட்டுக் காட்டிய கணக்கு. வில்லிகனில் திரவத்தின் ஓட்டம் தெரிந்தது, ஆனால் அங்கே துளைகள் பெரியவை. இங்கே அதைவிட மிக நுட்பமான அமைப்பு தெரிந்தது, நீர் இல்லை.