ராஜபார்ட் உடையும் நம் தறியும்

அரிமளத்தைச் சூழ்ந்த ஊர்களில் திருவிழா இரவுகளில் நடைபெறும் ‘ஸ்பெஷல் நாடகம்’ எத்தகையது என்பதை நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய ‘வள்ளி திருமணம்’ முதலியன இன்றும் விடிய விடிய நடிக்கப்படுகின்றன. அவற்றின் இசையை ஆராய்ந்த அறிஞர் சு. பத்மநாபன் பெயரோடு அரிமளம் என்னும் ஊர்ப்பெயரும் சேர்ந்து வழங்குதல் நமக்குப் பெருமை. பாட்டு நிற்க, துணியால் வாழும் நாம் உடையைச் சற்று நோக்குவோம்.

இந்நாடகத்திற்கு நிலையான குழு இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், பபூன் வேறோர் ஊரிலிருந்தும் வந்து சேர்வர். ஒத்திகை கிடையாது. உடை வாங்கித் தரும் முதலாளியும் இல்லை. அவரவர் உடை அவரவர் பெட்டியில். ஆயினும் திரை விலகியதும் இவர் முருகன், இவர் வள்ளி என்று குழந்தையும் அறியும். ஒத்திகை செய்யவேண்டிய வேலையில் பாதியை உடையே செய்துவிடுகிறது.

அரிச்சந்திரனைப் பாருங்கள். அரசவையில் மகுடமும் மின்னும் அங்கியும். மயானத்தில் முரட்டுத் துணியும் கையில் ஒரு கோலும். அவன் பாடத் தொடங்குமுன்பே சபையோர் கண் கலங்குவது எதனால்? தேசியப் பாடல்களுக்காகச் சிறை சென்ற விசுவநாத தாஸ், அப்பாடல்களை முருகன் வேடத்திலேயே பாடினார். 1940-ல் அவ்வேடத்தோடே மேடையில் உயிர் நீத்தார்.

வெல்வெட்டும் ஜிகினாவும் பார்சி நாடகக் குழுக்களின் வழியாகப் பரவியவை. மங்கிய விளக்கொளியிலும் கடைசி வரிசைவரை மின்னியமையால் அவை நிலைத்தன என்பது என் கருத்து. இன்று மின்விளக்கு வந்துவிட்டது. தினைப்புனம் காக்கும் குறப்பெண்ணுக்கு ஜிகினா எதற்கு? அகன்ற கரையும் கட்டமும் கொண்ட செட்டிநாட்டுக் கண்டாங்கி தூரத்திலிருந்தும் துலங்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது.

வெல்வெட்டு வியர்வையில் நைந்துவிடும், ஜிகினா உதிர்ந்துவிடும். திருவிழாக் காலம் கழிந்தால் கலைஞர் வருவாய் சுருங்கும். புதிய உடைக்கு வட்டிக் கடனே வழி. புதுக்கோட்டையில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. நெசவாளர் சங்கங்கள் அதனோடு பேசி, வேடத்திற்கேற்ற சேலையும் அங்கவஸ்திரமும் நெய்து, தவணையில் அளித்து, திருவிழாக் காலத்தில் தொகையை வசூலிக்கலாம். பங்குனிக்குமுன் பாவு ஓட்டவேண்டுமாயின், நிர்வாகக் குழுக்கள் தை மாதத்திலேயே இதனை எடுத்துக்கொள்ளுதல் நலம்.