சிறுநீரகத்தின் தொழில்

கம்பளை வழியாகச் செல்லும் மகாவலி நதியின் நீரில் ஒரு பகுதி, 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லையில் திருப்பப்பெற்று, சுரங்க வழியாக வறண்ட வலயத்து வயல்களை அடைகின்றது. அவ்வயல்கள் பரந்த வடமத்திய மாகாணத்தில், கிணற்று நீரைப் பருகும் உழவர் பலரை 1990களிலிருந்து சிறுநீரக நோயொன்று வாட்டி வருகின்றது.

அதன் கொடுமையை உணர, சிறுநீரகத்தின் தொழிலை அறிதல் வேண்டும். முதுகெலும்பின் இருமருங்கும் அவரைவிதை வடிவில் அமைந்த இவ்வுறுப்பு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. அவை நாளொன்றுக்குக் குருதியிலிருந்து சுமார் 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. அவ்வளவும் வெளியேறினால் உயிர் தங்குமா? நுண்குழாய்கள் குளுக்கோசையும், வேண்டிய உப்பையும், நீரின் பெரும்பகுதியையும் மீட்டுக் குருதிக்கே கொடுத்துவிடுகின்றன. எஞ்சும் ஒன்றரை லீற்றர் அளவே யூரியா முதலிய கழிவுகளோடு சிறுநீர்க்கான் வழியே சலப்பையைச் சேர்கின்றது. தெருவோர வடிகாலையும் நாம் கான் என்றுதானே சொல்கிறோம்!

சிறுநீரகத்திகளிற் பாதி அழிந்தபின்னரும் எஞ்சியவை சுமையை ஏற்றுக்கொள்ளும். ஆகவே நோயாளி வலி எதனையும் அறியார். மதவாச்சி, பதவியா முதலிய இடங்களில் இந்நோய் பலரை ஓசையின்றிப் பற்றியது இவ்வாறே. நீரின் கடினம், புளோரைட்டு, பயிர்மருந்து, வெயிலில் நீரருந்தாது உழைத்தல் எனப் பலவும் ஐயுறப்படுகின்றன. திட்டமான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை.

மலைநாட்டிலோ நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் இதே தீங்கினைச் செய்கின்றன. இவை உடையோர், உடல் நலமாய்த் தோன்றினும், ஆண்டுக்கொரு முறை அரசாங்க மருத்துவமனையிற் சிறுநீரையும் குருதியையும் சோதித்துக்கொள்வது நன்று.