பெயர் அச்சிடப்படாத பக்கவாத்தியக்காரர்

மேடை நடுவே இருந்து பாடுகின்றவரின் பெயரை நாடறியும். அவர் பக்கத்தில் அமர்ந்து தாளத்தைத் தளராமல் காத்துத் தருகின்றவரின் பெயரை, கச்சேரி முடிந்து வீடு திரும்புகையில் எத்தனை பேர் நினைவிற் கொண்டு செல்கின்றனர்? நம் நாட்டிலேனும் மிருதங்க வித்துவானின் பெயரை அழைப்பிதழில் அச்சிடுகின்றோம். தனியாவர்த்தனத்திற்கு நேரமும் ஒதுக்குகின்றோம். அமெரிக்காவில் இசைத்தட்டுக்களுக்கு வாசித்த பக்கவாத்தியக்காரர்கட்கு அந்த மரியாதையும் நெடுங்காலம் கிட்டவில்லை. பெயர் தெரியாமலே உலகெங்கும் வீடுதோறும் ஒலித்த டிரம் கலைஞர் ஒருவரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றேன். அவர் பெயர் ஏர்ல் பாமர்.

1924ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், ஜாஸ் இசையின் தாயகமாகிய நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பர் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். அன்னையும் சிற்றன்னையும் ஊர் ஊராகச் சென்று மேடையேறும் ஆடற்கலைஞர்கள். பிள்ளையும் சிறு வயதிலேயே ‘டாப்’ நடனம் ஆடத் தொடங்கிவிட்டான். காலணியின் அடியில் உலோகத் தகடு பொருத்திக்கொண்டு, பலகையின்மேல் தாளம் ஒலிக்க ஆடுவது அந்நடனம். ஆகவே, கையில் குச்சியைப் பிடிப்பதற்கு முன்னரே தாளம் அவர் காலில் குடிபுகுந்துவிட்டது எனலாம்.

இரண்டாம் உலகப் போரில் அவர் அமெரிக்கப் படையிற் சேர்ந்து ஐரோப்பா சென்றார். படையிலும் அந்நாளில் நிறவேற்றுமை இருந்தது. கறுப்பர்கள் தனிப் பிரிவுகளிலேயே வைக்கப்பட்டனர். போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு கல்விச் சலுகை அளித்தது. பாமர் அதனைக் கொண்டு நியூ ஆர்லியன்ஸில் ஓர் இசைப் பள்ளியிற் சேர்ந்தார். பியானோவும் தாளக் கருவிகளும் பயின்றார். இசைக்குறிப்பை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கற்றார். கேள்வி ஞானத்தால் வாசிப்போர் நிறைந்த அந்நகரில், அவர் வாழ்வைப் பிற்காலத்தில் தாங்கி நின்றது இந்தப் படிப்பே.

1947ஆம் ஆண்டில் டேவ் பார்த்தலோமியூ என்னும் எக்காளக் கலைஞரின் குழுவில் அவர் இடம்பெற்றார். காஸிமோ மட்டாஸா என்பவர் தம் கடையின் பின்னறையில் நடத்திய ஒலிப்பதிவுக் கூடமே அக்குழுவின் களம். 1949 டிசம்பரில் பாட்ஸ் டாமினோ அங்கே ‘தி பாட் மேன்’ என்ற பாட்டைப் பதிந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணிக் கைதட்டிப் பாருங்கள். ஒன்றிலும் மூன்றிலும் அழுத்தம் இயல்பாக விழும். பாமரோ இரண்டிலும் நான்கிலும் ஓங்கி அடித்தார். பழைய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸில், எல்லாக் கருவிகளும் ஒன்றுகூடி முழங்கும் கடைசிச் சுற்றுக்கென்றே இவ்வடியை வைத்திருப்பார்கள். அதனை அவர் பாட்டின் முதலிலிருந்து முடிவுவரை நிறுத்திவிட்டார். பந்தியின் முடிவில் வைக்கும் இனிப்பை இலை முழுதும் பரிமாறியது போன்ற செயல் அது! பிற்காலத்து ராக் அண்டு ரோல் அனைத்திற்கும் அதுவே முதுகெலும்பாயிற்று.

அடுத்து வந்தவர் லிட்டில் ரிச்சர்ட். 1955இல் ‘டூட்டி புரூட்டி’யிலும், பின்னர் ‘லூசில்’ முதலிய பாட்டுக்களிலும் அவருக்கு வாசித்தவர் பாமரே. ரிச்சர்டின் வலக்கை பியானோவில் சமமான எட்டு அடிகளாக இடித்துக்கொண்டே செல்லும். அதற்கு எதிராகப் பழைய துள்ளல் நடையில் வாசித்தால் பாட்டுக் கலையும். ஆகவே பாமர் தம் நடையை மாற்றி, அக்கையின் வேகத்தோடு தம் குச்சியை இணைத்தார். பாடகரின் போக்கறிந்து தம்மை அமைத்துக்கொள்ளும் அடக்கத்திலேயே ஒரு புது நடை பிறந்தது.

தெற்கு மாநிலங்களில் நிறவேற்றுமைச் சட்டங்கள் கடுமையாக இருந்த காலம் அது. 1957இல் பாமர் பிறந்த ஊரை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஒலிப்பதிவு என்பது மூன்று மணி நேரத்திற்கு இவ்வளவு ஊதியம் என்று வரையறுக்கப்பட்ட தொழில். காலையில் திரைப்படம், பிற்பகலில் ஜாஸ், மாலையில் இளைஞர்களுக்கான பாட்டு என ஒரே நாளில் பல இடங்களுக்கு ஓட வேண்டும். முன்பின் பாராத தாளை எதிரில் வைத்தால் உடனே வாசித்தாக வேண்டும். இசைப் பள்ளியிற் கற்ற எழுத்து இங்கே சோறு போட்டது. 1958இல் ரிச்சி வேலன்ஸின் ‘லா பாம்பா’, 1964இல் ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிய புகழ்ப் பாட்டு, 1966இல் டீனா டர்னரின் ‘ரிவர் டீப் மவுண்டன் ஹை’ ஆகியவற்றில் அவர் கை இருந்தது. 1986இல் எல்விஸ் காஸ்டெல்லோ என்ற ஆங்கிலேயப் பாடகரின் தட்டிலும் அவர் வாசித்தார். இவற்றுட் பலவற்றின் உறையில், வெளிவந்த நாளில் அவர் பெயர் இல்லை.

இத்தனைக்கும் அவர் உள்ளம் விரும்பியது ஜாஸையே. ராக் அண்டு ரோல் தமக்கு வயிற்றுப்பாட்டுக்குரிய தொழில் என்பதை அவர் மறைத்ததில்லை. ஆயினும், வயிற்றுப்பாட்டுக்கான தொழில்தானே என்று ஒரு பாட்டையேனும் அரைமனத்தோடு அவர் வாசித்ததாக அத்தட்டுக்கள் காட்டவில்லை. தம்மைப் போன்ற கலைஞர்களின் ஊதியத்தையும் உரிமையையும் காக்கும் தொழிற்சங்கத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளைக்கு 1982இல் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1984இல் தோற்றார், 1990இல் மீண்டும் வென்றார். 2000ஆம் ஆண்டில் ராக் அண்டு ரோல் புகழ் மண்டபம், பக்கவாத்தியக்காரர்களையும் போற்ற முன்வந்தபோது, முதல் வரிசையில் அவர் பெயரையும் பொறித்தது. 2008 செப்டம்பரில், 83ஆம் வயதில் அவர் மறைந்தார்.

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புத் தேடி வந்த நமக்கு இவ்வரலாறு அயலதன்று. இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் என்போன்றோர் உள்ளத்தில் வேறொரு கலையின் ஆசை இருக்கலாம். பகலெல்லாம் பிறர் பெயரால் செல்லும் வேலை. மாலையில் ஒரு மணி நேரம் நமக்கென்று வீணையோ, நாடகமோ, தமிழ் வகுப்போ. அந்த ஒரு மணி நேரத்தைக் கைவிடாதிருப்போம். அதற்காகப் பகல் வேலையை இகழவும் வேண்டா. மிருதங்கம் பயிலும் பிள்ளைகளுக்குச் சொற்கட்டை எழுதவும் படிக்கவும் சேர்த்துக் கற்பியுங்கள். ஊர் மாறினாலும் எழுத்து உடன்வரும். நம் சங்கத்து ஆண்டு விழாவில் வாசிக்கும் ஒவ்வொருவரின் பெயரையும், ஜால்ரா தட்டும் சிறுவன் பெயர் உட்பட, நிகழ்ச்சி நிரலில் அச்சிடுவோமாக.