கோழி வெந்ததா? வெப்பமானி சொல்லும்!

நிறத்தைப் பார்த்தே கோழி இறைச்சி வெந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? முடியாது. வெளிப்புறம் சிவந்த பிறகும் உள்ளே சால்மோனெல்லா பாக்டீரியாக்கள் உயிருடன் இருக்கக்கூடும். நடுப்பகுதி 74° செல்சியசை எட்டினால் அவை அழிந்துவிடும். இதை அளக்கக் காய்ச்சல் வெப்பமானி உதவாது. அதன் அளவுகோல் ஏறத்தாழ 42°-இல் முடிந்துவிடுகிறது.

சமையலுக்கு ஏற்றவற்றில் இரண்டு வகைகளைப் பார்ப்போம். முதல் வகையில், எஃகுக் குழலுக்குள் ஈருலோகச் சுருள் ஒன்று இருக்கிறது. சூடேறும்போது இரு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவடைவதால் சுருள் முறுக்கிக்கொண்டு முள்ளைத் திருப்புகிறது. இதற்கு மின்கலம் வேண்டாம். ஆனால் சுருள் சில சென்டிமீட்டர் நீளமுள்ளது. ஆகவே மெல்லிய துண்டுகளுக்குப் பொருந்தாது. கீழே விழுந்தால் முள்ளும் இடம் மாறிவிடலாம். அதைச் சரிசெய்யும் திருகு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாம் வகையின் முனையில் தெர்மிஸ்டர் என்னும் சிறு குறைகடத்தி உள்ளது. வெப்பநிலை உயர அதன் மின்தடை குறைகிறது. கருவி அதை வெப்பநிலையாக மாற்றி எண்ணில் காட்டுகிறது. மெல்லிய துண்டுகளையும் இதனால் அளக்கலாம். இதன் பகைவன் நீரும் நீராவியும்தான். ‘ஐ.பி. 67’ என்ற குறியீடு இருந்தால், 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் அது தாங்கும்.

உடையாமல் இருப்பது மட்டுமே உழைப்பு ஆகாது. அளவு பிழையாமலும் இருக்கவேண்டும். நொறுக்கிய பனிக்கட்டியில் சிறிது நீர் ஊற்றிக் கலக்கி, முனையை அதன் நடுவே வையுங்கள். 0° காட்டுகிறதா? கொதிநீரில் சோதிப்பதைவிட இதுவே மேல். ஏன் தெரியுமா? உதகை போன்ற மலையூர்களில் நீர் 100°-க்கு முன்பே கொதித்துவிடுமே!