பூவும் புள்ளும்: சீன மையோவியத்தின் அமைப்பும் உள்ளுறையும்

திருப்பூரில் பனியன் துணிக்கு அச்சிடும் பட்டறைகளில் பூவும் பறவையும் நாள்தோறும் துணியேறுகின்றன. அவை அமையும் முறை இரண்டு. ஒரே உரு மீண்டும் மீண்டும் வந்து துணி முழுவதையும் நிரப்புவது ஒன்று; மார்பிடத்தில் மட்டும் ஓர் உரு தனித்து நிற்பது மற்றொன்று. முன்னதில் துணியின் வெறுமை மறைகின்றது. பின்னதில் அவ்வெறுமையும் வடிவின் கூறாகின்றது. இவ்வேறுபாட்டை மனங்கொள்வார்க்குச் சீனத்துப் பூ-புள் மையோவியத்தின் நெறி எளிதில் விளங்கும். அந்நெறியையும், அதனைத் தமிழ் மரபு கொண்டு உணருமாற்றையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

சீனர் இவ்வோவிய வகையை ‘ஹுவாநியாவ்’ என்பர். ‘பூ-புள்’ என்பதே அதன் பொருள். தொல்காப்பிய அகத்திணையியலும் நிலத்திற்குரியன கூறுமிடத்துப் பூவையும் புள்ளையும் இவ்வரிசையிலேயே இணைத்துக் கூறுதல் காண்க. 10ஆம் நூற்றாண்டில் ஷூ நாட்டு அரண்மனை ஓவியர் ஹுவாங் சுவான் நுண்ணிய கோடிட்டு வண்ணம் நிரப்பினார். தென்தாங் நாட்டுச் சூ சீ மையையே முதன்மையாகக் கொண்டார். பிற்காலத்தார் இவ்விருவரையும் இரு மரபுகளின் முதல்வராகக் கொண்டனர். நாம் இங்கு நோக்குவது மைவழி மரபினையே ஆகும்.

அச்சில் நிறத்திற்கொரு ஸ்கிரீன் வேண்டும். மையோவியத்திலோ நிறம் ஒன்றே. நீரின் அளவால் அம்மை செறிந்தும் வெளிறியும் பலவாகத் தோன்றும். மைக்கு ஐந்நிறம் உண்டு என்பது சீனர் வழக்கு. அவர் வரையும் தாள் மையை உடனே உறிஞ்சுவது. இட்ட கோட்டினை அழித்தல் இயலாது. ஆதலின் தூரிகையை எடுக்குமுன்னரே ஓவியம் முழுவதும் உள்ளத்தில் உருப்பெற்றிருத்தல் வேண்டும்.

இனி அமைப்பினை நோக்குவாம். முழு மரம் பெரும்பாலும் வரையப்படுவதில்லை. கிளையொன்று தாளின் ஓரத்தினின்று உள்நீண்டு வரும். பறவை நடுவிடத்தை விட்டு ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். அதன் நோக்கு வெற்றிடத்தின்பாற் செல்லும். காண்பார் கண்ணும் அதனைத் தொடர்ந்து செல்ல, வரையாது விட்ட அவ்விடம் வானாகவும் நீராகவும் பனியாகவும் தோன்றும். ஓரத்தில் எழுதப்படும் பாடலும் சிவந்த முத்திரையும் கூட இவ்வெற்றிடத்தின் நிறையறிந்தே இடம்பெறும்.

இதற்கு மறுதலையான அமைப்பு நம் நாட்டில் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைப் பொய்கை தீட்டப்பட்டுள்ளது. இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அக்கோயிலைப் புதுப்பித்தமையை 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு அங்குக் கூறுகின்றது. இலையும் மலரும் மீனும் பறவையும் யானையும் மலர் கொய்வாரும் அவ்விதானத்தை நிறைத்து நிற்பர். அங்கு நிறைவே அழகு. சீன மையோவியத்தில் ஒழிவே அழகு. இவற்றுள் ஒன்றினை உயர்ந்ததென்றும் மற்றொன்றினைத் தாழ்ந்ததென்றும் கூறுதல் பொருந்தாது.

ஒழிவு வெறும் அழகுக்காக மட்டும் அன்று. சுங் அரசு 1279இல் வீழ்ந்து மங்கோலியர் ஆட்சி நிலைத்தபின், ஜெங் சிசியாவ் (1241–1318) என்பார் ஆர்க்கிட் செடியை மண்ணின்றி வரைந்தார். மண்ணை அயலார் கவர்ந்தனர் என்பதே அதன் கருத்தென வழிவழிக் கூறுவர். 1306ஆம் ஆண்டைய அவர் ஓவியம் ஒசாகா நகரக் கலைக்கூடத்தில் உள்ளது; சில இலைகளும் ஒரு மலருமே அதன்கண் உள. மிங் அரச மரபிற் பிறந்த பாதா ஷான்ரென் (1626–1705), 1644இல் அவ்வரசு வீழ்ந்தபின் துறவு பூண்டார். அவர் வரைந்த பறவைகள் பல, தலை ஒடுங்கி, கண்ணின் வெள்விழி தோன்ற வெறித்து நோக்கும். நாடிழந்தாரின் துயரும் சினமும் அவ்விருவர் ஓவியத்திலும் உருவாற் சொல்லப்படவில்லை, உணரவே வைக்கப்பட்டன.

இதனைத் தமிழர் உள்ளுறை என்பர். தெய்வம் ஒழிந்த கருப்பொருளே உள்ளுறை உவமத்திற்கு நிலைக்களம் என்பது தொல்காப்பியர் கொள்கை. பொய்கையும் குருகும் மட்டுமே பாட்டில் வரும். தலைவன் தலைவியர் நிலை அவற்றின் வழிப் புலனாகும். எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. பாட்டில் கூற்று நிகழ்த்துவார் யார், யாரிடம், எக்காலத்து என்பன பொருளைக் காட்டும். ஓவியத்தில் ஓரத்து எழுத்தும் வரைந்தார் வாழ்வும் அதனைக் காட்டும். ஒப்புமை கண்டவிடத்து ஒன்றினின்று மற்றொன்று தோன்றியது எனத் துணிதலும் கூடாது.

திருப்பூர்ப் பட்டறையில் வடிவமைப்போன் பறவையை மார்பிடத்தில் எங்கு வைப்பது, எவ்வளவு துணியை வெறிதே விடுவது என்று எண்ணும் அளவில் சீன ஓவியனின் முதல் வினாவை எழுப்பியவனாகின்றான். அப்பறவை யாது உணர்த்துகின்றது என்பது இரண்டாம் வினா. அதற்கு விடைகாணும் கருவி நம் பொருளிலக்கணத்திலேயே உளது. அதனைப் பாட்டிற்கு மட்டும் உரியதென ஒதுக்காது, தீட்டிய வடிவிற்கும் கொண்டு நோக்குதல் தமிழ் கற்பார் கடனாகும்.