பனிமலையில் தண்ணீர் பாட்டில் என்ன விலை? காஷ்மீர் டூர் கிளம்புறீங்களா, இதைப் படிச்சிடுங்க!

காஷ்மீர் டூருக்கு பட்ஜெட் போடும்போது விமானம், ஹோட்டல், கோண்டோலா டிக்கெட் என எல்லாவற்றையும் எழுதிவிடுகிறோம். மலை மேல் குடிக்கப்போகும் டீயை மட்டும் யாரும் எழுதுவதில்லை. திரும்பி வந்து கணக்குப் பார்த்தால், உதைப்பது அங்கேதான்.

திருச்சி - துறையூர் சாலையில் உள்ள நம்ம திருவெள்ளறையும் பெயரளவில் வெள்ளை மலைதான். வெள்ளறை என்றால் வெண்பாறை. ஆனால், உயரம் ஏறக்குறைய 50 அடி; டீ விலை எகிற வழியே இல்லை. குல்மார்க் அப்படியல்ல. ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் 3,900 மீட்டரைத் தாண்டும். பால், கேஸ், நூடுல்ஸ் பாக்கெட் எல்லாமே கீழிருந்து ஏற வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் நூடுல்ஸ் வேக நேரமும் கூடுதல், கேஸும் கூடுதல். பனிச்சறுக்கு சீசனோ சில மாதங்கள்தான்.

இவை நியாயமான காரணங்கள். இன்னொன்றும் இருக்கிறது. குளிரில் நடுங்கும் குழந்தையோடு நாம் அடுத்த கடை தேடிப் போகமாட்டோம் என்பது கடைக்காரருக்குத் தெரியும்!

சமைத்துத் தரும் உணவுக்கு எம்.ஆர்.பி கிடையாது. அதனால், விலையைக் கேட்டுவிட்டு ஆர்டர் செய்வது மட்டுமே வழி. சீல் வைத்த தண்ணீர் பாட்டில், பிஸ்கட்டுக்கு சட்டம் வேறு. மலை உச்சியிலும் கடைக்காரர் எம்.ஆர்.பி-க்கு மேல் வாங்கக் கூடாது. ‘கூலிங் சார்ஜ்’ என்று தனியாகக் கேட்கவும் கூடாது. ஆனால், ஹோட்டலில் உட்கார்ந்து அதே பாட்டிலை வாங்கினால் கூடுதலாக வசூலிக்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, தண்ணீரைக் கடையிலேயே வாங்கிக்கொள்வது லாபம். பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ தானாகச் சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லலாம். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது கட்டாயமில்லை என்றது. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

(தண்ணீர் என்றதும் ஒன்று. திருவெள்ளறை கோயிலுக்கு வெளியே, ஸ்வஸ்திக் வடிவில் நான்கு பக்கமும் படிகளோடு மார்ப்பிடுகு பெருங்கிணறு இருக்கிறது. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன், பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டியது. மலைக்கு வருபவரின் தாகத்தை அன்றே யோசித்திருக்கிறார்கள்!)

கட்டுச்சோறு கொண்டுபோக வெட்கமே வேண்டாம். பிரான்ஸின் பனிச்சறுக்கு மையங்கள் பலவற்றில், வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சாப்பிடவே தனி அறை வைத்திருக்கிறார்கள். என்ன, நம்ம புளியோதரை அந்தக் குளிரில் விறைத்துப்போகும். சப்பாத்தி, முறுக்கு, கடலைமிட்டாய் தாங்கும். கூடவே பெரிய ஃபிளாஸ்க் ஒன்று. காலையில் ஹோட்டலிலேயே வெந்நீர் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.