மரவள்ளி மா: ஆப்பிரிக்கச் சகோதரிகளிடம் ஒரு சமையல் பாடம்



இரத்தினபுரிப் பக்கத்தவருக்குப் பாவா ஆதம் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1344-இல் அந்த மலையில் ஏறிய யாத்திரிகர் இப்னு பதூதா, 1352-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குப் பயணமானார். அங்கே ஒரு வகைக் கிழங்கில் காய்ச்சிய கூழை அவரும் உடன் இருந்தவர்களுமாக ஆறு பேர் சாப்பிட்டார்கள். மறுநாள் அறுவரும் நோயில் விழுந்தார்கள், ஒருவர் மௌத்தானார்.

அது மரவள்ளி அல்ல. மரவள்ளியைப் போர்த்துக்கீசர் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றது 16ஆம் நூற்றாண்டில்தான். நம் நாட்டுக்கு அது 1786-இல், ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராஃப் காலத்தில், மொரிசியஸிலிருந்து வந்தது. ஆனால் கிழங்கை அறிந்து சமைக்க வேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றே.

கேகாலை, இரத்தினபுரித் தோட்டப் பகுதிகளில் மரவள்ளி பஞ்ச காலத்துத் தோழி. 1973, 74-இல் அரிசியும் மாவும் அரிதானபோது லயங்களில் அடுப்பேறியது இதுதான். 2022-இல் கோதுமை மா விலை ஏறி, காலை ரொட்டிக்கே வழியில்லாதபோதும் இதையே தேடினோம். அவித்துத் தேங்காய்ச் சம்பலோடு சாப்பிடுகிறோம். மாவாக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் குறைவு. பிடுங்கிய கிழங்கோ இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும்.

நஞ்சு எங்கே இருக்கிறது?

“மரவள்ளி தின்றால் இஞ்சி தொடாதே” என்று நம் உம்மாமார் சொல்வார்கள். ஆனால் நஞ்சு கிழங்கிலேயே இருக்கிறது. இஞ்சியை விட்டுவிட்டால் மட்டும் தப்பிவிட முடியாது. கிழங்கைத் துருவும்போதும் இடிக்கும்போதும் அதிலுள்ள ஒரு பொருள் சிதைந்து சயனைட் ஆவியாக வெளியேறுகிறது. அதனால்தான் வெட்டி வெயிலில் காய வைப்பதைவிடத் துருவிப் புளிக்க வைப்பது பாதுகாப்பானது. அவிப்பதானால் நிறையத் தண்ணீரில், மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் வறட்சி வந்தது. பசி பொறுக்காமல், கிழங்கைப் போதிய நாள் பதப்படுத்தாமல் உண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் விறைத்துப் போயின. பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். அந்தக் கால்கள் பின்னர் குணமாகவில்லை.

கரி செய்யும் முறை

நைஜீரியா, கானா நாட்டுப் பெண்கள் செய்யும் மாவுக்குக் ‘கரி’ என்று பெயர். 5 கிலோ கிழங்கில் ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும்.

தோலை முழுவதும் சீவிக் கழுவித் துருவுங்கள். சுத்தமான சாக்குப் பையில் கட்டி, மேலே கனமான கல்லை ஏற்றி மூன்று நாள் வையுங்கள். தண்ணீர் வடியும், மா லேசாகப் புளிக்கும். வடிந்த தண்ணீர் ஆடு, கோழிக்கு எட்டக் கூடாது. பிறகு கட்டிகளை உதிர்த்து அரிதட்டில் அரித்து, தாச்சியில் சிறு தீயில் கிளறி, மொறுமொறுப்பாகும் வரை வறுங்கள். காற்றோட்டமான இடத்தில் வறுப்பது அவசியம். ஈரம் படாத டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கும்.

எபாவும் கச்சான் ஆணமும்

கொதிநீரைச் சட்டியில் ஊற்றி, கரியைத் தூவி, நீர் இழுத்ததும் சில நிமிடம் மூடி வையுங்கள். மரக் கரண்டியால் அழுத்திக் கிண்டினால் களி போல் திரளும். இதுவே ‘எபா’.

அரைக் கிலோ கோழி இறைச்சியை வெங்காயம், தக்காளி, மிளகாயோடு வதக்கி வேக விடுங்கள். வறுத்து அரைத்த 100 கிராம் கச்சானைக் கரைத்து ஊற்றி, எண்ணெய் மிதக்கும் வரை கொதிக்க விடுங்கள். எபாவை உருட்டி இதில் தோய்த்துச் சாப்பிடலாம். கோழிக்கு வசதியில்லையா? நெத்தலிக் கருவாடோ பருப்போ போதும். ஆனால் ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். மரவள்ளியில் புரதம் மிகக் குறைவு. நஞ்சின் மிச்சத்தை உடல் போக்கவும் புரதம் தேவை.

ஐவரி கோஸ்ட் நாட்டு ‘அத்தியேகே’ நம் பிட்டுக்கு உறவு. புளித்த துருவலை மணிமணியாக உதிர்த்து ஆவியில் அவிப்பார்கள். 2024-இல் யுனெஸ்கோ இந்தக் கைத்திறனை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

காய வைத்து இடித்த மா இருந்தால்

அவுஸ்திரேலிய விஞ்ஞானி ஹவார்ட் பிராட்பரி காட்டிய எளிய வழி உண்டு. மாவைப் பாத்திரத்தில் இட்டு, அதன் மட்டத்தை அடையாளமிடுங்கள். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மட்டம் இறங்கும். மறுபடி அடையாளத்துக்கு வரும்வரை தண்ணீர் சேருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் மெல்லியதாகப் பாயில் பரப்பி, வெயிலில் 2 மணி நேரம் அல்லது நிழலில் 5 மணி நேரம் விடுங்கள். மழை ஓயாத நம் சபரகமுவவுக்கு நிழல் கணக்கே உதவும். அன்றைக்கே ரொட்டி தட்டிவிடுங்கள்.

சகோதரிகளே, மூன்று நாள் பொறுமை பெரிய காரியமல்ல. பசித்த பிள்ளை அடுப்படியில் நிற்கும்போது அது கஷ்டம்தான். ஆகவே கிழங்கு மலிந்திருக்கும் நாளிலேயே மாவாக்கி வையுங்கள். அல்லாஹ் நம் அடுப்புகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.